கோமாரி கண்ட மாட்டின் உடலில் நடப்பது என்ன?

காணை என்றும் கோமாரி என்றும் வழங்கும் வியாதியை அறியாத குடியானவர் நம் நாட்டில் இலர். மாடு தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வதும், வாயினின்று எச்சில் நூல்நூலாக ஒழுகுவதும், சப்புக் கொட்டுவதும், காலை உதறி உதறி நொண்டுவதும் கண்ட மாத்திரத்தில், வயது முதிர்ந்தோர் "காணை கண்டுவிட்டது" என்று சொல்லிவிடுவர். அடையாளத்தைப் பற்றி அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அவ்வடையாளம் தோன்றிய அன்றுதான் வியாதி தொடங்கிற்று என்று அவர்கள் எண்ணுவது பிழை. வியாதிக்குக் காரணமான கிருமி செய்ய வேண்டிய வேலையின் பெரும்பாகம் அதற்கு முன்னரே நடந்தேறியிருக்கும். இவ்வுண்மையை அறியாமையால் நம்மவர் மருந்துக்குச் செலவிடும் பணம் வீணாவதோடு, அண்டை வீட்டு மாடும் அடுத்த ஊர் மாடும் வியாதிக்கு இரையாகின்றன.

நான் கால்நடை வைத்தியன் அல்லேன். பயிர்த்தொழிலில் பட்டயம் பெற்று, விதையையும் உரத்தையும் பற்றி ஊரூராகச் சென்று செய்துகாட்டுவது என் உத்தியோகம். எனினும் கறவை மாடு நொண்டிக் கிடக்கும் வீட்டில் விதை நேர்த்தியைப் பற்றிப் பேசினால் கேட்பார் இல்லை. அத்தகைய வீடுகளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், அவற்றின் பொருட்டுக் கால்நடை வைத்தியர்களிடம் நான் கேட்டுத் தெளிந்தவையுமே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

வியாதிக் கிருமிகள் யாவும் ஓரினத்தன அல்ல. சப்பை நோய், தொண்டை அடைப்பான், அடைப்பான் முதலிய கொடிய வியாதிகளை விளைவிப்பவை பாக்டீரியா எனப்படும் கிருமிகள். அவை மிகச் சிறியனவாயினும் தாமே உண்டு தாமே பெருகும் முழு உயிர்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிவன. தக்க தருணத்தில் கொடுக்கப்படும் பெனிசிலின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படுவன. கோமாரியை விளைவிப்பது அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது வைரஸ்.

1898-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் லோஃப்லர், ஃப்ராஷ் என்னும் இரு அறிஞர்கள், காணை கண்ட கன்றின் கொப்புள நீரை எடுத்து, பாக்டீரியா ஊடுருவ இயலாத நுண்ணிய வடிகட்டியின் வழியே செலுத்தினர். வடிந்த நீரைக் கன்றுகளின் உடலிற் செலுத்தியபோது அவற்றுக்கு வியாதி தவறாமல் கண்டது. அந்நீரில் இருந்தது வெறும் விஷமாயின், ஒரு கன்றிலிருந்து மறு கன்றுக்கு மாற்றுந்தோறும் நீர்த்து வலியிழந்திருக்க வேண்டும். அவ்வாறின்றி வலி குன்றாதிருந்தமையால், வடிகட்டியைக் கடந்து சென்றது பெருகும் இயல்புடைய ஒன்றே என்று அவர்கள் முடிவு செய்தனர். பிராணிகளைப் பற்றும் வைரஸ்களுள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இக்கோமாரி வைரஸே. இதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு செய்தால் அவற்றுள் ஏறக்குறைய 30 கூறு ஆகும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இவற்றை வரிசையாக வைப்பின் 30,000-க்கு மேல் அடங்கும்.

இத்துணைச் சிறிய பொருளில் வாயில்லை, வயிறில்லை, மூச்சில்லை. புரதத்தாலாகிய ஓடும், அதனுள் ஆர்.என்.ஏ. எனப்படும் ஓர் இழையும் அன்றி வேறொன்றுமில்லை. வைக்கோலிலோ சாணத்திலோ கிடக்கும்போது அது ஒன்றாயிருப்பது ஒன்றாகவே இருக்கும்; இரண்டாகாது. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தில் நாள்பட வலிமை குன்றாதிருக்கும். வெயிலிலும் வறட்சியிலும் விரைவில் அழியும். அது பெருக வேண்டுமாயின் உயிருள்ள பிராணியின் உயிரணுவுக்குள் புகுந்தே ஆக வேண்டும்.

உள்ளே புகுந்து அது செய்வது யாது? கிராம அதிகாரிகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஒரு கச்சேரிக்குள் போலி உத்தரவு ஒன்று தபாலில் வந்து சேருவதாக வைத்துக்கொள்வோம். மேலுறையும் முத்திரையும் சரியாக இருத்தலின் அதைப் பிரித்து உள்ளே அனுமதித்துவிடுகின்றனர். அவ்வுத்தரவில் எழுதியிருப்பதோ, "வேறு வேலையை நிறுத்திவிட்டு இவ்வுத்தரவையே ஆயிரக்கணக்கில் நகல் எடுத்து, உறையிலிட்டு அனுப்புக" என்பதே. கச்சேரிக் குமாஸ்தாக்கள், கச்சேரிக் காகிதம், கச்சேரி மை ஆகியவற்றைக் கொண்டே அந்நகல்கள் தயாராகின்றன. கச்சேரியின் சொந்த வேலை நின்றுபோகிறது. உயிரணுவில் நடப்பதும் இதுவே. வைரஸின் ஓடு மேலுறை, உள்ளிழை உத்தரவு. சில மணி நேரத்தில் உயிரணு சிதைந்து, புதிய வைரஸ்கள் வெளிப்பட்டு அடுத்த அணுக்களைப் பற்றுகின்றன.

மேலுறை எல்லாக் கச்சேரிக்கும் பொருந்துவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பைப் பற்றி மூளைக்குச் செல்கிறது. மாட்டு வெக்கை வைரஸ் குடலின் உட்தோலையும் நோயெதிர்ப்பு அணுக்களையும் அழித்தது. கோமாரி வைரஸ் நாடுவது முக்கியமாக நாக்கு, ஈறு, குளம்பிடுக்கு, காம்பு ஆகிய இடங்களின் தோலணுக்களையாம். மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகிய பிளவுண்ட குளம்புடைய பிராணிகளைப் பற்றும் இவ்வியாதி, ஒற்றைக் குளம்புடைய குதிரையைப் பற்றுவதில்லை.

இனி நாள் வரிசையில் நோக்குவோம். வியாதியுள்ள மாட்டின் மூச்சுக் காற்றின் மூலமாகவோ, அது வாய் வைத்த தொட்டியின் மூலமாகவோ வைரஸ் நல்ல மாட்டின் மூக்கையும் தொண்டையையும் அடைகிறது. தொண்டையின் பின்புறத் தோலில் முதற்பெருக்கம் நடைபெறுகிறது. இக்காலத்தில் மாடு வழக்கம்போல் மேயும், அசை போடும், பால் கொடுக்கும். பின்னர் வைரஸ் இரத்தத்திற் கலந்து உடலெங்கும் பரவுகிறது; 104 முதல் 106 டிகிரி பாரன்ஹீட் வரை சுரம் காண்கிறது; பால் குறைகிறது. அதன் பின்னரே நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் எழும்புகிறது. சிதைந்த அணுக்களின் இடத்தில் நீர் கோத்துக்கொள்வதே கொப்புளம். அது ஓரிரு நாளில் உடைந்து, மேல் தோல் உரிந்து, சிவந்த புண் வெளிப்படும். தொற்று நுழைந்தது முதல் இவ்வடையாளம் தோன்றும் வரை 2 முதல் 14 நாட்கள் செல்லலாம்.

இங்கேதான் முக்கியமான விஷயம் உள்ளது. கொப்புளம் தோன்றுவதற்கு முன்னரே மாட்டின் மூச்சிலும், எச்சிலிலும், பாலிலும் வைரஸ் வெளிப்படத் தொடங்கிவிடுகிறது. பாலில் அடையாளம் தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னரேகூட அது காணப்பட்டதுண்டு. ஆகவே பார்வைக்கு நன்றாயிருக்கும் மாடு நல்ல மாடுதான் என்று துணிய இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் நடந்தது இது. மிராசுதார் ஒருவர் சந்தையில் கன்றும் பசுவுமாக வாங்கி வந்து, அன்றிரவே தம் மாடுகளோடு ஒரே தொழுவத்திற் கட்டினார். நான்காம் நாள் காலை புதிய பசு எச்சில் ஒழுக்கிற்று. மறு வாரத்துள் தொழுவத்து மாடுகள் யாவும் நொண்டின. இரண்டு இளங்கன்றுகள், வாயில் ஒரு புண்ணுமின்றி, பால் குடித்துக்கொண்டிருக்கையிலேயே விழுந்து இறந்தன. சந்தையில் தம்மை மோசம் செய்துவிட்டார்கள் என்று அவர் பலகால் குறைபட்டார். விற்றவனும் அறிந்திருக்க வழியில்லை என்று நான் சொல்லியும் அவர் ஒப்பவில்லை. இன்றும் ஒப்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அப்பசுவை மூன்று வார காலம் தனியே வேறிடத்தில் கட்டியிருப்பின், வியாதி அதனோடும் அதன் கன்றோடும் நின்றிருக்கும்.

கன்றுகளின் மரணத்தைப் பற்றிப் பலரும் ஐயுறுகின்றனர். இளங்கன்றின் உடலில் கோமாரி வைரஸ் இருதயத் தசையையே தாக்குகிறது. புண் தோன்றுமுன் இருதயம் நின்றுவிடுகிறது. அத்தகைய கன்றின் இருதயத்தை அறுத்துப் பார்ப்பின் புலித்தோல் போன்று வெளிறிய கோடுகள் காணப்படும். வளர்ந்த மாடுகளில் இவ்வியாதியால் இறப்பவை சிலவே. அதனாற்றான் நம்மவர் இதனை இலேசாக மதிக்கின்றனர். ஆனால் கறவை விழுந்த பசு அவ்வீற்றில் பழைய அளவுக்குத் திரும்புவது அரிது; காம்புப் புண் வழியே பாக்டீரியா புகுந்து மடிவீக்கம் காண்பதுண்டு; சினை மாடு கன்று வீசுவதுண்டு; சில மாடுகள் குணமடைந்த பின்னும் வெயிலைத் தாங்காமல் வருஷக்கணக்கில் மூச்சிரைத்து நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன். செத்த மாட்டைக் கணக்கிடுகிறோம். இந்நஷ்டத்தைக் கணக்கிடுவோர் இலர்.

மருந்தின் நிலை யாதென்று பார்ப்போம். வைரஸ் மாட்டின் அணுவுக்குள் இருந்துகொண்டு அவ்வணுவின் கருவிகளாலேயே பெருகுவதால், பாக்டீரியாவைக் கொல்லும் ஊசிகள் அதற்கு யாதொரு கேடும் செய்வதில்லை. மாட்டின் உடலோ வைரஸை அடையாளங்கண்டு எதிர்ப்பொருளைத் தானே உண்டாக்குகிறது. தொற்றின் முதல் வாரத்திலேயே அப்பொருள் இரத்தத்தில் தோன்றி வைரஸை அகற்றத் தொடங்குகிறது. இத்தருணத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அதற்கே பெருமை வந்து சேருகிறது. நூறு ரூபாய்ச் சூரணத்தால் குணம் கண்டதென்று ஒருவர் சொல்வார்; ஆயிரம் ரூபாய் ஊசியால் என்று மற்றொருவர் சொல்வார். இருவர் மாட்டையும் குணப்படுத்தியது மாடே.

ஆயினும் புண்ணுக்குச் சிகிச்சை வேண்டாவென்று நான் சொல்லவில்லை. உரிந்த புண்ணில் பாக்டீரியா குடிபுகுந்து சீழ் கட்டும். குளம்பிடுக்கில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். அப்போது குளம்பே கழன்றுவிடக் கூடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகத் தண்ணீரிற் கரைத்து வாயையும் காலையும் கழுவுதல் வேண்டும். கால் புண்ணில் வேப்பெண்ணெய் தடவின் ஈ அணுகாது. வாழைப்பழத்தில் நல்லெண்ணெய் கலந்து கொடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அது வைரஸைக் கொல்லாது என்றாலும், வாய் புண்பட்டுப் பட்டினி கிடக்கும் மாட்டின் உள்ளே ஏதோ ஆகாரம் இறங்குகிறதாகையால் அதை நான் தடுப்பதில்லை. கஞ்சி, தவிட்டுக் கூழ், இளம்புல் ஆகிய மென்மையான தீனியே கொடுக்க வேண்டும். சீழ் பிடித்த புண்ணுக்குக் கால்நடை வைத்தியர் ஊசி போடுவாராயின் அது பாக்டீரியாவை நோக்கியதே, தகுந்ததே.

வைரஸை எதிர்க்கும் பொருளை உடலில் முன்கூட்டியே உண்டாக்கி வைப்பதுதான் தடுப்பூசி. கோமாரித் தடுப்பூசியில் உள்ளது கொல்லப்பட்ட வைரஸ். போலி உத்தரவின் மேலுறையை மட்டும் கச்சேரி வாசலில் ஒட்டி வைத்து, "இவ்வுறை வந்தால் பிரிக்கலாகாது" என்று சிப்பந்திகளுக்கு அறிவித்து வைப்பதைப் போன்றது அது. இவ்வைரஸில் ஏழு வகைகள் உண்டென்றும், ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு மற்றொரு வகையைத் தடுக்காதென்றும் கண்டுள்ளனர். இந்தியாவில் வழங்கும் ஓ, ஏ, ஆசியா-1 என்னும் மூன்று வகைகளையும் சேர்த்தே இங்கே ஊசி தயாரிக்கப்படுகிறது. எதிர்ப்பு நெடுநாள் நில்லாமையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுதல் அவசியம். கன்றுக்கு நான்காம் மாதம் முதல் ஊசியும், ஒரு மாதங்கழித்து மறு ஊசியும் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இவ்வூசி இலவசமாகவே போடப்படுகிறது. 12 இலக்கமுள்ள காது வில்லையும் அதனோடு மாட்டுக்கு இடப்படுகிறது.

"ஊசி போட்ட பிறகுதான் வியாதி கண்டது" என்று சொல்வோரை ஊர்தோறும் காண்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் தவறாகக் கொள்கின்றனர். கொல்லப்பட்ட வைரஸ் பெருகாது. ஆகவே வியாதியை உண்டாக்காது. ஊரில் வியாதி நுழைந்த பின் அவசரமாகப் போட்ட ஊசியாயின், அம்மாட்டின் தொண்டையில் வைரஸ் ஏற்கெனவே குடியேறியிருக்கும். அன்றி, ஊசியால் எதிர்ப்பு உண்டாக ஓரிரு வாரம் ஆகுமாதலால், அவ்விடைவெளியில் தொற்றியிருக்கலாம். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வைக்காமல் வெயிலில் எடுத்துச் சென்றிருந்தாலும், உறைந்து கட்டியாகும்படி வைத்திருந்தாலும் அது பயன் தராது. முகாமுக்கு மருந்து பனிப்பெட்டியில் வந்ததா என்று கேட்க மிராசுதாரர்களுக்கு உரிமை உண்டு. கேட்பின் எவரும் கோபித்துக்கொள்ளலாகாது. ஊசி போட்ட இரண்டொரு நாள் பால் சிறிது குறைவதும், குத்திய இடம் வீங்குவதும் உண்மையே. ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியை மற்றொரு மாட்டுக்குக் குத்தலாகாது என்பதையும் வற்புறுத்த வேண்டும்.

ஒரு மாட்டு வியாதியை உலகத்தினின்றே ஒழிக்க முடியுமா என்று கேட்போர்க்கு வெக்கையின் வரலாறே விடை. நம் பாட்டனார் காலத்தில் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்று தீர்த்தது அவ்வியாதி. இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்பார் 1920-களில் வெக்கை வைரஸை ஆட்டுக்கு ஆடு மாற்றி வளர்த்து, மாட்டுக்கு அதன் கொடுமை குறையும்படி செய்து ஊசியாகப் பயன்படுத்தினார். பின்னர் ஆப்பிரிக்காவில் பிளவ்ரைட் என்பார் அதனினும் சிறந்த ஊசியைக் கண்டார். இந்தியாவில் வெக்கை கடைசியாகக் கண்டது 1995-இல். உலகில் கடைசியாகக் கண்டது 2001-இல், கென்யா நாட்டில். 2011-ஆம் ஆண்டில் அது அடியோடு ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. வெக்கைக்கு எதிராக ஓரூசி போட்டால் எல்லா வகைக்கும் போதுமாயிருந்தது. எதிர்ப்பும் நெடுங்காலம் நின்றது. பிழைத்த மாடு வைரஸைத் தன்னுள் வைத்திருக்கவில்லை. கோமாரி இம்மூன்றிலும் மாறுபட்டது. குணமடைந்த மாடுகளுட் சிலவற்றின் தொண்டையில் இவ்வைரஸ் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கிலும், தங்கியிருப்பதுண்டு. ஆகவே இவ்வேலை கடினமானதே. வெக்கை வைரஸின் இனத்ததாகிய ஆட்டுக்கொல்லி, 1987-இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் காணப்பட்டது. அதற்கு நல்ல ஊசி இருக்கிறது. ஆடு வளர்ப்போர் அதனைக் கைவிடலாகாது.

சந்தையால் விளையும் கேட்டுக்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்று தருகிறேன். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தில் கோமாரி கண்டுபிடிக்கப்பட்டபோது, அடையாளம் சரிவரத் தெரியாத செம்மறியாடுகள் அதற்கு முன்னரே சந்தைகள் வழியாக நாட்டின் பல பாகங்களுக்கும் சென்றுவிட்டிருந்தன. கால்நடைப் போக்குவரத்தை நிறுத்த உத்தரவாகுமுன் கழிந்த அச்சில நாட்களின் பயனாக, அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகளை அந்நாட்டார் கொன்று புதைக்கவும் எரிக்கவும் நேர்ந்தது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் பிராணித் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, இத்தகைய வியாதி இருப்பதாகச் சந்தேகிக்கும் மாட்டுக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். வியாதி கண்ட மாட்டைத் தனியே பிரித்து வைப்பதும் அவர் கடமை. அச்செய்தியை அண்மையிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியவர் கிராம அதிகாரி. இரண்டு மூன்று மாடு கண்ட பிறகு எழுதலாம் என்று காத்திருக்கும் அதிகாரிகளை நான் அறிவேன். முன்னர்ச் சொன்ன கணக்கின்படி, ஒரு மாடு நொண்டும் அன்று மற்றும் சில மாடுகளின் தொண்டையில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும். ஆதலின் முதல் மாட்டுக்கே எழுதுதல் வேண்டும். பால் வாங்க மாட்டார்கள் என்று அஞ்சி மறைப்போரும் உளர். பாலை நன்றாகக் காய்ச்சினால் அதிலுள்ள வைரஸ் அழிந்துவிடும்.

வியாதி கண்ட தொழுவத்தில் செய்யத்தக்கவை அதிகச் செலவு பிடிப்பன அல்ல. நோயுள்ள மாட்டைக் கவனிப்பவர் நல்ல மாட்டண்டை செல்லாதிருக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் பார்க்க நேரின், நல்ல மாட்டின் வேலையை முன்னர் முடித்துக்கொள்ளலாம். கழனித்தொட்டி, தும்பு, பால் பாத்திரம் ஆகியவை பொதுவாயிருத்தல் கூடாது. இவ்வைரஸ் புளிப்பையும் காரத்தையும் தாங்காதாகையால், பத்து லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்துத் தரையையும் தொட்டியையும் கழுவுதல் போதும். நோயுற்ற தாயிடம் கன்றை ஊட்ட விடாமல், காய்ச்சி ஆறிய பாலைப் புகட்ட வேண்டும். இறந்த கன்றை ஓடையில் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். நோய் கண்ட மாடுகளைப் பொது மேய்ச்சலுக்கும் பொதுக் குட்டைக்கும் விடலாகாது. புண் ஆறிவிட்டதென்று மறுவாரமே சந்தைக்கு ஓட்டுவதும் தகாது; கால்நடை வைத்தியர் பார்த்துச் சொல்லும் வரை பொறுத்திருக்க வேண்டும். வேற்றூரிலிருந்து வாங்கி வரும் மாட்டை, அதன் காதில் வில்லையிருப்பினும், மூன்று வாரம் தனியே கட்டுக. வில்லை எண்ணைக் கால்நடை மருந்தகத்திற் காட்டின், கடைசி ஊசி எந்தத் தேதியிற் போடப்பட்டதென்பது தெரிந்துவிடும்.